பிரிக்காத ஸ்டிக்கர்

புரசைவாக்கம் கிளை.
டோக்கன் நாற்பத்தொன்று.
பெயர் தயாபரன், மேடவாக்கம் முகவரி.
கண்ணாடித் தடுப்பின் அடிவழியே
அவர் தள்ளியது வளையல் அல்ல,
மெரூன் நிறத்தில் ஒரு தோல் பெட்டி.

உள்ளே குட்டித் தலையணையில் படுத்திருந்தது
சுவிஸ் கைக்கடிகாரம்.
பாதி எஃகு, பாதி தங்கம்.
கொக்கியின் மேல் கம்பெனி ஒட்டிய
மெல்லிய பிளாஸ்டிக் இன்னும் பிரியவில்லை.
முட்கள் பத்து மணி ஒன்பது நிமிடத்தில் நின்றிருந்தன,
எந்த நாளின் பத்து மணி என்று தெரியாமல்.

"ஓடாதா?" என்றேன்.
"கட்டினால் ஓடும் மேடம்.
கட்டினால் விலை போய்விடும்."

பதினோரு வருடமாக நகை பார்க்கிறேன்.
ஆரம், அட்டிகை, அரக்கு அடைத்த வளையல்,
அழுத வீட்டிலிருந்து வந்த மோதிரம்.
பொருள் பேசும், ஆள் பேசமாட்டார்.
இவர் பேசினார்.

ஷோரூமில் மூன்று வருட வரிசையாம்.
வரிசையில் பெயர் ஏறவே
முதலில் வேண்டாத வாட்ச் ஒன்றை வாங்கவேண்டுமாம்.
பொறுக்காமல் நுங்கம்பாக்கத்தில் ஒருவரிடம்
பதினான்கு லட்சத்துக்கு, பர்சனல் லோனில்.
பங்குச்சந்தை தூங்கும் சார், இது தூங்காது,
மூன்றே வருடத்தில் இரட்டிப்பு.
போன வாரம் அதே நுங்கம்பாக்கத்துக்காரர்
டீ வாங்கிக் கொடுத்து
எட்டே முக்கால் என்றாராம்.
கமிஷன் தனி.

"மார்க்கெட் திரும்பும்.
அதுவரை ஒரு நான்கு லட்சம்.
பையனுக்கு செமஸ்டர் ஃபீஸ்."

என் கணினியில்
கைக்கடிகாரத்துக்குக் கட்டம் இல்லை.
மேலாளர் நூருல்லா வந்து
பெட்டியை மட்டும் மோந்து பார்த்து
"நல்ல தோல்" என்றுவிட்டுப் போனார்.

மனசு கேட்காமல் நான்தான் சொன்னேன்:
இந்தத் தங்கத் துண்டுகளுக்கு வேண்டுமானால்
ஏதாவது பார்க்கலாம்.
தனியாகக் கழற்றி, எடை போட்டு,
கல்லில் ஒரு கோடு உரசி...

உரசி என்ற சொல்லுக்கே
அவர் கை பெட்டியை மூடிவிட்டது,
குழந்தையின் காதைப் பொத்துவதுபோல.

என் தொழிலில் காயம்தான் சாட்சி.
கறுப்புக் கல்லில் மஞ்சள் தழும்பு,
அதன்மேல் ஒரு சொட்டு அமிலம்,
அப்புறம்தான் நம்பிக்கை.
அவர் பொருளுக்கோ
நகம் பட்டால் ஐம்பதாயிரம்,
ஸ்டிக்கர் பிரிந்தால் முப்பது,
பெட்டிக்குள் இருக்கும் அட்டை தொலைந்தால்
அதற்கும் ஒரு கணக்கு.
லாக்கர் வாடகை, இன்ஷூரன்ஸ்,
சில வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற
ஆஸ்பத்திரி பில் மாதிரி ஒன்று.
இந்த ஊர் உப்புக்காற்றுக்குப் பயந்து
பீரோவில் சிலிக்கா பொட்டலங்கள்.
முதல் தூங்குகிறது,
முதலாளி விழித்திருக்கிறார்.

எங்கள் தங்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன்.
வாங்கும்போது சேதாரம் என்று ஒரு கடி,
விற்கும்போது கழிவு என்று ஒரு கடி.
பக்கத்துக் கவுன்ட்டரில் காசிமேடு தேசம்மா
அதே வளையலை ஆறாவது முறை வைக்கிறாள்.
மீன் கழுவி, பஸ் கம்பி பிடித்துத் தேய்ந்ததில்
முதல் முறையைவிட நானூறு மில்லி குறைவு.
ஆனாலும் கடன்தொகை ஏறியிருக்கிறது.
அவள் சிரிக்கவில்லை,
வலை விலையும் ஏறியிருக்கிறது.

தயாபரன் இன்னும் எழவில்லை.
அப்போதுதான் கவனித்தேன்,
அவர் மணிக்கட்டில் ரப்பர் பட்டை வாட்ச் ஒன்று,
மூவாயிரத்துக்குள் இருக்கும்.
அது இரண்டு தரம் அதிர்ந்து
பச்சை வெளிச்சத்தில் சொன்னது:
நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.
இதயத்துடிப்பு நூற்றுப் பதினெட்டு.

எழுந்தார்.
பெட்டியைப் பைக்குள் வைக்கும்போது
சற்றே குலுங்கியிருக்க வேண்டும்.
உள்ளே, இருட்டில், வினாடி முள்
ஏழெட்டு வினாடி ஓடியிருக்கும்.

நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டேன்.